சிபி பிள்ளைகளின் எலும்புக்கு: கால்சியம் சிரப் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை, பேச்சில் நாம் சிபி என்றே சொல்கிறோம்) உள்ள பிள்ளை, அதிலும் நடக்க முடியாத பிள்ளை என்றால், எலும்பு பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம். டயப்பர் மாற்றும்போது காலைக் கொஞ்சம் வேகமாக மடக்கினால்கூட முறியலாம், பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பின் கீழ்முனையில். இதைக் கேட்டதும் நம் ஆட்கள் நேரே மருந்துக் கடைக்குப் போய்க் கால்சியம் சிரப்போடு வந்து நிற்கிறார்கள். கால்சியம் வேண்டும்தான். ஆனால் வைட்டமின் டி குறைந்து, காலில் பாரம் விழாமல், சாப்பாடே சரியாக இறங்காமல் இருக்கும் பிள்ளைக்கு சிரப்பை மட்டும் ஊற்றினால் மலச்சிக்கல் கூடுவதுதான் மிச்சம். அதனால் வரிசையாகப் போவோம்.

படி 1: அளந்து எழுதுங்கள்

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், அப்புறம் தனியாக நின்று பார்த்துக் கழித்துவிடுங்கள், எடை கிடைத்துவிடும். உயரம்தான் சிக்கல், முதுகு வளைந்து, முட்டி மடங்கிய பிள்ளையை எப்படி நேராக நிறுத்துவது? இதற்கு முழங்கால் உயரம் என்று ஒரு வழி இருக்கிறது. முட்டியையும் கணுக்காலையும் செங்கோணமாக மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முட்டிக்கு மேல் தொடை தொடங்கும் இடம் வரை சென்டிமீட்டரில் அளந்து, அதை 2.69ஆல் பெருக்கி 24.2 கூட்டுங்கள். 35 செ.மீ. வந்தால் உயரம் ஏறத்தாழ 118 செ.மீ. இது 12 வயது வரைக்கும் பொருந்தும். மடங்காத காலை வலுக்கட்டாயமாக மடக்க வேண்டாம், அப்படியென்றால் சிகிச்சையாளரே அளக்கட்டும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோனால் உணவியல் வல்லுநருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 2: விழுங்குகிறதா என்று பாருங்கள்

சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், சாப்பிட்டபின் கரகரத்த ஈரக் குரல், அடிக்கடி நெஞ்சுச் சளி. இதில் எது இருந்தாலும் பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டுங்கள், விழுங்குவதையும் அவர்தான் பார்ப்பார். சில பிள்ளைகளுக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் போகும், எக்ஸ்ரே வீடியோ போன்ற பரிசோதனை எடுத்தால்தான் தெரியும்.

சிங்கப்பூரில் உணவின் பதத்தை ஐடிடிஎஸ்ஐ என்ற அனைத்துலக அளவுகோலின் எண்களில் சொல்வார்கள், 0 தண்ணீர், 7 சாதாரணச் சாப்பாடு. வீட்டிலேயே சோதிக்கலாம். 0லிருந்து 10 மி.லி. வரையுள்ள அளவுக்கோடு 61.5 மி.மீ. நீளம் இருக்கிற சிரிஞ்சு வேண்டும், எல்லா சிரிஞ்சும் ஒத்துவராது, சிகிச்சையாளரைக் கேட்டு வாங்குங்கள். நுனியை விரலால் அடைத்து 10 மி.லி. ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். 1 முதல் 4 மி.லி. மிச்சம் இருந்தால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, 8க்கு மேல் நின்று கொஞ்சமாவது ஓடியிருந்தால் நிலை 3.

இதில் நம் வீட்டுக் கேழ்வரகுக் கூழ் ஆளை ஏமாற்றும். அடுப்பிலிருந்து இறக்கும்போது நிலை 2 மாதிரி ஓடும், ஆறினதும் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், பிள்ளை வாயில் வைத்த கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் எச்சில் பட்டு மறுபடி நீர்த்துப்போகும். ஆகவே ஊட்டும் சூட்டில் சோதியுங்கள், ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டுங்கள்.

ஊட்டுவதற்கே நாளுக்கு மொத்தம் 3 மணி நேரத்துக்கு மேல் ஆகிறதென்றால் குழாய் வழி உணவைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2017இல் சொன்னது. பாட்டிமார் முகம் சுளிப்பார்கள், "பெத்தவளுக்கு ஊட்டத் தெரியாதா" என்பார்கள். விடுங்கள், குழாய் போட்டபின் ருசிக்காக வாயிலும் கொஞ்சம் கொடுக்கலாமா என்று சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

படி 3: குறைந்த சாப்பாட்டில் நிறைய சத்து

நடக்காத பிள்ளைக்கு மற்ற பிள்ளைகளைவிடக் கலோரி குறைவாகத்தான் தேவைப்படும், ஆனால் கால்சியம், புரதம் போன்ற சத்துகளின் தேவை அப்படிக் குறைவதில்லை. பலர் இதைப் பிடிப்பதில்லை. சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அளவுப்படி கால்சியம் 4 முதல் 6 வயதுக்கு நாளுக்கு 600 மி.கி., 7 முதல் 9க்கு 700, 10 முதல் 18க்கு 1000.

பாலில் 200 மி.லி.க்குச் சுமார் 240 மி.கி. கால்சியம், தயிர் 100 கிராமில் சுமார் 120, தேக்கா சந்தையில் வாங்கும் கேழ்வரகு மாவு 30 கிராமில் சுமார் 100. கூட்டினால் 460. மிச்சத்துக்குக் கூழைப் பாலிலேயே காய்ச்சி, இறக்கும் முன் இரண்டு கரண்டி பால் பவுடர் போடுங்கள், அளவு ஏறாமல் கால்சியம் ஏறும். தாவ் குவாவை (கெட்டியான சோயா கட்டி) மசித்துச் சேர்க்கலாம், கால்சியம் சேர்த்து உறையவைத்ததா என்று பாக்கெட்டில் பாருங்கள். கீரை என்றால் பாலக்கை நம்ப வேண்டாம், அதிலிருக்கும் ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, கைலான் என்ற சீனக் கீரை எவ்வளவோ மேல். பிள்ளை மெலிந்திருந்தால் நெய் ஒரு கரண்டி, எடை கூடிக்கொண்டே போனால் நெய்யும் வேண்டாம், பால் பவுடரும் கொழுப்பு நீக்கியதாக இருக்கட்டும்.

படி 4: வைட்டமின் டி

வருடம் முழுக்க வெயில் அடிக்கிற ஊரில் இது குறையுமா? குறையும். நம் பிள்ளைகள் வீடு, வேன், பள்ளி என்று நிழலிலேயே இருக்கிறார்கள், ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் தேவையான கதிர் வராது. இங்கே சூரியன் உதிப்பதே 7 மணிவாக்கில் என்பதால் காலை 8 மணி இளவெயிலால் பெரிய பயனில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் கை கால் தெரியக் கொஞ்ச நேரம் போதும், தோல் சிவக்கும்வரை அல்ல.

வலிப்பு மருந்து சாப்பிடும் பிள்ளையா? ஃபெனிடோயின், ஃபீனோபார்பிடோன், கார்பமசெபைன் போன்றவை வைட்டமின் டியை உடலில் வேகமாகச் சிதைக்கும். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இரத்தத்தில் டி அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், சொட்டு மருந்து எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும், அதிகமானாலும் ஆபத்து.

படி 5: நிற்கவையுங்கள்

பாரம் விழுந்தால்தான் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும். நிற்கும் சட்டத்தில் (பிள்ளையைத் தாங்கி நிமிர்ந்து நிற்கவைக்கும் சாதனம்) நாளுக்கு 60 முதல் 90 நிமிடம், வாரத்தில் 5 நாள் என்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்ன அளவு. ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் என்றில்லை, காலை கொஞ்சம், மாலை கார்ட்டூன் நேரத்தில் கொஞ்சம் எனப் பிரிப்பதைப் பற்றி பிசியோவிடம் கேளுங்கள். சட்டம் விலை அதிகம்தான், உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்பின் உதவிச் சாதன நிதிக்குத் தகுதி இருந்தால் 90 விழுக்காடு வரை கிடைக்கும், விண்ணப்பத்தைப் பள்ளியில் அல்லது மருத்துவமனையில் இருக்கும் சமூக ஊழியரிடம் ஆரம்பியுங்கள்.

படி 6: தூக்கும் கைகளுக்குப் பழக்குங்கள்

பணிப்பெண், தாத்தா, வேன் அண்ணன், பிள்ளையைத் தொடும் எல்லோருக்கும் காட்டுங்கள். டயப்பர் மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்காமல் பிள்ளையைப் பக்கவாட்டில் உருட்டுங்கள், சட்டை போடும்போது இறுகிய கையில் முதலில் மாட்டுங்கள். பேசாத பிள்ளை காரணமில்லாமல் அழுதாலோ, ஒரு காலைத் தொட்டால் மட்டும் துடித்தாலோ, முட்டிக்கு மேல் வீங்கிச் சூடாக இருந்தாலோ, விழவே இல்லையே என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய் எக்ஸ்ரே கேளுங்கள். முறிவு என்று தெரிந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும், எலும்பைக் காக்கும் பிஸ்பாஸ்பனேட் மருந்தும் தேவையா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.