வாக்காளர் படிவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பழைய விதி, வரப்போகும் விதி

வேளச்சேரியில் வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாம் நடக்கும் சனி, ஞாயிறுகளில், பள்ளி வராந்தாவில் மேசை போட்டு மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். புதிதாக உதவ வரும் இளைஞர்களிடம், நான் முன்பு செய்த பிழைகளே வேறு கையெழுத்தில் திரும்ப வருகின்றன. விடுபட்ட கையொப்பம், மங்கலான புகைப்படம் ஆகியவற்றை அலுவலரே சுட்டிக்காட்டிவிடுவார். அவற்றை நான் எழுதப்போவதில்லை.

வீடு மாறியவருக்குப் படிவம் 6

நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும் தவறு இது. வேறு தொகுதிக்குக் குடிபெயர்ந்தவர் படிவம் 6 கொடுப்பதும், அதே தொகுதிக்குள் மாறியவர் 8ஏ கொடுப்பதும்தான் முன்பு முறையாக இருந்தது. 1960-ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் 2022 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, 8ஏ மறைந்தது; முகவரி மாற்றம், பிழை திருத்தம், மாற்று அட்டை எல்லாம் படிவம் 8-க்குள் வந்தன; படிவம் 6 புதிய வாக்காளருக்கு மட்டும் என்றானது. இதை நானும் படித்திருந்தேன். ஆனாலும் அந்த நவம்பரில், பெரம்பூரிலிருந்து எங்கள் பகுதிக்கு வாடகைக்கு வந்த ஒரு தம்பதிக்கு என் கை பழக்கத்தில் படிவம் 6-ஐத்தான் எடுத்துக் கொடுத்தது.

முதன்முறையாக விண்ணப்பிக்கிறேன், என் பெயர் எந்தத் தொகுதிப் பட்டியலிலும் இல்லை என்ற உறுதிமொழி அதில் இருக்கிறது. பெரம்பூரில் பல தேர்தல்களில் வாக்களித்த அந்த அம்மாவை அதன் கீழே கையொப்பமிடச் சொன்னவன் நான். பொய்யான உறுதிமொழிக்கு, 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

கணவரின் விண்ணப்பம் எப்படியோ ஏற்கப்பட்டு, அவர் பெயரில் இரண்டு அட்டை எண்கள் ஆயின. மனைவியின் விண்ணப்பம், ஏற்கெனவே பதிவு உள்ளவர் என்று நிராகரிக்கப்பட்டது. ஒப்புகைச் சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த அவர், விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று பார்க்கவில்லை. இதற்கிடையே பெரம்பூரில் வீடு வீடாகச் சரிபார்த்தபோது, குடிபெயர்ந்தவர் என்று பழைய பெயரும் நீக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 19, வாக்குப்பதிவு நாள் மாலையில், அந்தச் சீட்டுடன் என் வீட்டு வாசலில் நின்று, "சார், எனக்கு ஓட்டு எங்கதான் இருக்கு?" என்று கேட்டார். படிவம் 8 கொடுத்திருந்தால் பழைய அட்டை எண்ணே அவருடன் வேளச்சேரிக்கு வந்திருக்கும்.

படிவம் 7

பெயரை நீக்கக் கோரும் படிவம் இது. வீடு மாறியதற்காக இதைத் தனியே கொடுக்க வேண்டாம்.

முன்மொழிவை விதியாக எண்ணுவது

பழைய விதியிலேயே நின்ற என் படிவம் 6 தவறுக்கு நேர் எதிரான தவறு இது. 2022-இல் வந்த படிவங்களின் ஆதார் கட்டத்தில், எண்ணை எழுதலாம் அல்லது ஆதார் இல்லை என்று குறிக்கலாம். எண் இருந்தும் தர விரும்பாதவருக்கு வழியில்லை. எண் தருவது கட்டாயமல்ல என்றும், படிவங்களில் அதைத் தெளிவாக்கும் மாற்றங்கள் பரிசீலனையில் உள்ளன என்றும் தேர்தல் ஆணையம் 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. செய்தி வந்த சில நாட்களில் ஒருவர், "அதைத்தான் எடுத்துட்டாங்களே" என்று சொல்லி அந்தக் கட்டத்தையே பேனாவால் அடித்துவிட்டார். விதித் திருத்தம் அரசிதழில் வெளியாகி நடைமுறைக்கு வரும் வரை, அச்சில் உள்ள வாசகமே செல்லும். அந்த வாசகம் மாற வேண்டும் என்பதே என் விருப்பமும். அதற்காக, ஆதார் வைத்திருப்பவரை இல்லை என்று குறிக்கச் சொல்லமாட்டேன்.

சொந்த ஊர் வீடு

ஊரில் வீடு இருப்பதால் மட்டும் அங்கே வாக்கு உண்டு என்றாகாது; வழக்கமாக வசிக்கும் இடமே கணக்கு என்று அதே 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. பொங்கலுக்குப் போய்வருவது வசிப்பது ஆகாது.

"ஜனவரி வரட்டும்"

18 வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாட்கள் இப்போது நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 வயது நிறைந்தவரிடமிருந்து முன்கூட்டியே விண்ணப்பம் வாங்கலாம், திருப்பி அனுப்பாதீர்கள்.

ஒப்புகை எண்

சீட்டை அவர்களிடம் கொடுக்கும் முன் எண்ணை என் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். இரண்டு வாரம் கழித்து விண்ணப்பத்தின் நிலையை நானே பார்க்கிறேன்.