நூலகத்தில் ஒரு ரீங்காரம்: என் அனுபவம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாலையில் உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் தலை கனக்கும். மின்விசிறிதான் காரணம் என்றார்கள் எல்லோரும். அதை நிறுத்திப் பார்த்தோம். அப்போதுதான் இன்னும் தெளிவாகக் கேட்டது, விடாத ஒரு 'ம்ம்ம்'.

கண்ணை மூடி, சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டேன். நாளிதழ் புரட்டும் சரசரப்பு, நாற்காலிக் கால் தரையில் உரசுவது, நூலகர் முத்திரை குத்தும் 'டக்'. இவை வந்து போகிறவை, எனக்குப் பிடித்தவையும்கூட. ரீங்காரம் மட்டும் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. தாழ்ந்த சுருதிச் சத்தம் அப்படித்தான். சரி என்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு மெல்ல நடந்தேன். நாளிதழ் மேசைக்கு மேலிருந்த பழைய டியூப்லைட்டின் கீழே வந்ததும் சத்தம் கூடியது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. டியூப்லைட்டின் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சோக்கின் இரும்புத் தகடுகள் சுற்றுக்கு இரண்டு முறை, அதாவது நொடிக்கு 100 முறை அதிரும். திருகு தளர்ந்தால் விளக்கைத் தாங்கும் தகரப் பட்டியும் சேர்ந்து அதிரும். நூலகரிடம் சொன்னேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் மெயினை அணைத்துவிட்டுத் திருகை முடுக்கினார், பாதி அடங்கியது. அப்புறம் எலக்ட்ரானிக் சோக் மாற்றினார். அது பொதுவாக 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இயங்குவதால் நம் காதுக்கு எட்டாது.

உங்கள் நூலகத்திலும் இப்படி இருந்தால், முதலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். விளக்கை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம்.