வளைந்த முதுகில் எபிடியூரல்: ஊசிக்கு முன்னால் ஒரு ஸ்கேன்

முக்கூடல், ஆலங்குளம் பக்கமிருந்து இடுப்பெலும்பு ஒடிந்து வரும் ஆச்சிகளில் பலர் வாழ்நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றியவர்கள். "ஆச்சி, முதுகைக் கொஞ்சம் வளைங்க" என்றால், "எப்படிய்யா வளைய, உசுரு போகுதே" என்பார்கள். அந்த முதுகில் எபிடியூரல் (தண்டுவட உறைக்கு வெளியே ஊசி வழியாக மரத்துப்போக மருந்து கொடுப்பது) போட, விரலால் தடவி இடம் கண்டுபிடிப்பது பல நேரம் தப்பாகிவிடும். எல்3-எல்4 (இடுப்பு முள்ளெலும்புகளில் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவிலுள்ள சந்து) என்று நாம் நினைக்கும் இடம் உண்மையில் ஒரு மட்டம் மேலே இருக்கும். தசைநாரில் சுண்ணாம்பு படிந்து, எலும்புகளுக்கு நடுவிலுள்ள சந்தும் குறுகியிருக்கும். அதனால் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்துக் குறியிடுங்கள், அப்புறம் ஊசி. ப்ரோபை (ஸ்கேன் கருவியில் தோல்மேல் வைக்கும் பகுதி) பிடித்துக்கொண்டே குத்துவது பழகியவர்களுக்கு. தொடக்கத்தில் சீனியர் பக்கத்தில் இருக்கட்டும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ ஊசியோ போகிறதா என்று வீட்டாரிடம் கேட்டுவிட்டீர்களா? சரி, ஆரம்பிக்கலாம்.

1. வளைந்த ப்ரோப், 2–5 மெகாஹெர்ட்ஸ், ஆழம் 7–8 செ.மீ. எந்த நிலையில் ஊசி போடப் போகிறீர்களோ அதே நிலையில் ஸ்கேன் செய்யுங்கள்.

2. நடுக்கோட்டிலிருந்து 2–3 செ.மீ. தள்ளி, திரிகத்தின் (முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பு) மேல் ப்ரோபை நெடுக்காக வைத்து, நடுவை நோக்கிச் சாயுங்கள். திரிகம் அறுபடாத வெள்ளைக் கோடாகத் தெரியும். மெல்ல மேலே நகர்த்தினால் கோடு விட்டுப்போகிற முதல் சந்துதான் எல்5-எஸ்1 (கடைசி இடுப்பு முள்ளெலும்புக்கும் திரிகத்துக்கும் நடுவிலுள்ளது). அங்கிருந்து மேல்நோக்கி எண்ணுங்கள். சந்துக்குள் மேலாக ஒரு வெள்ளைக் கோடு (முள்ளெலும்புகளை இணைக்கும் மஞ்சள் தசைநாரும், தண்டுவடத்தின் வெளியுறையான டியூராவும் சேர்ந்தது), ஆழத்தில் இன்னொன்று. இரண்டும் தெரிந்தால் ஊசிக்கு வழி இருக்கிறது. வெறும் கறுப்பு நிழல்தான் என்றால் அந்தச் சந்தோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததைப் பாருங்கள். பல முதியவர்களுக்கு எல்5-எஸ்1தான் அகலமாகக் கிடைக்கும்.

3. ப்ரோபைக் குறுக்காகத் திருப்பி, முள்முனையின் (முள்ளெலும்பில் பின்னால் துருத்தும் பகுதி) நிழலை வைத்து நடுக்கோட்டைக் குறியுங்கள். குறுக்காகப் பார்க்கையில் சந்து தெரியவில்லையென்றால் பதற வேண்டாம், வயதானவர்களிடம் அது சகஜம்; முன்பு சாய்த்துப் பார்த்த வழியிலேயே பக்கவாட்டிலிருந்து ஊசியைக் கொண்டுபோங்கள்.

4. எனக்கு ஆழத்தைவிட முக்கியமாகப் படுவது கோணம். படம் தெளிவாக வந்த நொடியில் ப்ரோப் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஊசியும் அதே சாய்வில்தான் போக வேண்டும், கோணிய முதுகில் நேராகக் குத்தினால் எலும்பில்தான் முட்டும். ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள், ப்ரோபை அழுத்தினால் சதை அமுங்கி அளவு குறைவாகக் காட்டும், ஊசி இன்னும் சற்று உள்ளே போகவேண்டி வரும்.

5. ப்ரோபின் நான்கு பக்கமும் நடுவில் புள்ளி வைத்து, ஜெல்லைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, காய்ந்த தோலில் புள்ளிகளைக் கோடுகளால் இணையுங்கள். ஜெல் ஊசியோடு உள்ளே போகக் கூடாது. இதற்குப் பிறகு ஆச்சி அசைந்து உட்கார்ந்தால் தோல் நகர்ந்திருக்கும், குறியை நம்பாமல் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

மற்றது வழக்கம்போல்: ஊசி எபிடியூரல் இடத்தை எட்டியதும் சலைன் சிரிஞ்சில் தடை விடுபடுவதைக் கைதான் உணர வேண்டும், ஸ்கேன் அளவு அதற்கு மாற்றில்லை. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முதியவர்களுக்கு அதே அளவு இன்னும் மேலே பரவி பிரஷரைச் சட்டென்று இறக்கிவிடும்.