ட்யூரரின் ‘ஆதாமும் ஏவாளும்’: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் நியூரம்பெர்க்கைச் சேர்ந்த ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1504இல் செய்த ‘ஆதாமும் ஏவாளும்’ படத்தை இணையத்தில் பார்க்கும் பலர், பென்சில் ஓவியம் என்றே நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். இது செப்புத் தகட்டு அச்சு. பியூரின் என்ற கூரான உளியால் தகட்டில் கோடு கோடாகக் கீற வேண்டும். பள்ளங்களில் மையை நிரப்பி, மேல்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தாளில் இடவலம் மாறிவிடும் என்பதால், கிளையில் தொங்கும் பலகையின் லத்தீன் எழுத்துகளைக்கூட ட்யூரர் திருப்பித்தான் வெட்டினார். மரச்செதுக்கு அச்சு வேறு. அங்கே மை பிடிப்பது மேட்டுப்பகுதி.

நடுவில் நிற்கும் இருவரோடு பார்வையை நிறுத்திக்கொள்வது இன்னும் பெரிய தவறு. கீழே பாருங்கள்: பூனை, முயல், எருது, மரங்களுக்கு இடையே எல்க் மான். அழகுக்காகச் சேர்த்த விலங்குகள் அல்ல இவை. மனித உடலில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்மங்கள் இருப்பதாக அன்றைய ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. பாவம் செய்யும் முன் ஆதாமிடம் இவை சமநிலையில் இருந்தனவாம். கனியைத் தின்றபின் ஏதாவது ஒன்று ஓங்கி, மனிதருக்கு நோயும் சாவும் வந்தன. முயல் இரத்தத்துக்கு, எருது சளிக்கு, பூனை மஞ்சள் பித்தத்துக்கு, எல்க் கரும்பித்தத்துக்கு என்பது கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கியின் விளக்கம். ஆதாமின் காலருகே ஓர் எலி இருக்கிறது. பூனை இன்னும் அதன்மேல் பாயவில்லை. ஏவாள் பாம்பின் வாயிலிருந்து கனியை வாங்குகிறாள். ஒரு நொடி தள்ளினால் எல்லாம் கெட்டுவிடும். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடமே அந்த எலிதான்.

இந்த உடல்கள் மாடல்களை நிறுத்தி வரைந்தவை என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படியல்ல. ஆதாமின் நிலை, அப்பல்லோ பெல்வெடேர் என்ற பழங்கால ரோமானியப் பளிங்குச் சிலையை ஒட்டியது. உடல் விகிதங்களை ட்யூரர் கவராயம் வைத்துக் கணக்கிட்டுப் பழகியவர்.

சரி, பழைய பிரதி ஒன்று விலைக்கு வருகிறது என்று வையுங்கள். பலகையில் 1504 என்று இருப்பதால் தாளும் அந்த ஆண்டுடையது என்று எண்ணிவிடாதீர்கள். அது தகட்டில் வெட்டிய ஆண்டு. அச்சடிக்க அடிக்கச் செம்பு தேயும். பிந்தைய பிரதிகளில் நுண்கோடுகள் மங்கி, நிழல்கள் சாம்பல் பூத்துத் தெரியும். ஆதாமின் தோளிலும் ஏவாளின் வயிற்றிலும் உள்ள மெல்லிய புள்ளிகளையும் கீறல்களையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்து, தாள் செய்யும்போதே அதில் பதிந்த நீர்க்குறியையும் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் அது ட்யூரரின் தகடுதானா என்ற கேள்வி மிச்சமிருக்கும். இவருடைய அச்சுகளைப் பலர் நகலெடுத்திருக்கிறார்கள். யோஹன்னஸ் வீரிக்ஸ் என்ற பிளெமிய அச்சுச் செதுக்காளர் இதே படத்தை 1566இல் புதிய தகட்டில் வெட்டினார். அப்போது அவருக்கு வயது 16.