ஈரக் கப்பும் வீட்டு நெபுலைசரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் மூச்சு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசரைப் புதிதாக வாங்கிய வீட்டில் என்ன நடக்கும் என்பது இப்போதெல்லாம் வாசலிலேயே தெரிந்துவிடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகள்தான். மாஸ்க்கைத் தலைகீழாக மாட்டுவது, ரெஸ்ப்யூலை, அதாவது ஒரு வேளை மருந்து அடைத்த சின்னப் பிளாஸ்டிக் குப்பியை, திருகத் தெரியாமல் கத்தரிக்கோல் தேடுவது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் சொல்வது கம்ப்ரெஸரோடு டியூபும் மருந்து ஊற்றும் கப்பும் வரும் சாதாரண மிஷினைப் பற்றி. நோய் பெரும்பாலும் சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய். பீடி, சிகரெட் பிடித்த ஆண்கள், விறகடுப்புப் புகையில் காலம் தள்ளிய பெண்கள்.

கழுவிவிட்டு ஈரத்தோடு மூடி வைப்பது

பள்ளத்தூரில் ஒரு வீடு. நாலு கட்டு வீட்டில் அய்யாவும் ஆச்சியும் மட்டும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். அய்யாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை மருந்து. ஒவ்வொரு வேளையும் முடிந்த கையோடு ஆச்சி கப்பைக் கழுவிவிடுவார். கழுவியதும் ஒரு எவர்சில்வர் சம்படத்துக்குள் போட்டு இறுக்கி மூடிவிடுவார். பல்லி, எறும்பு ஏறக்கூடாது என்ற கவலை. நான் அந்தச் சம்படத்தைத் திறந்தபோது மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். லேசாகப் பாசி வாடை.

"ஒரு வேளைகூடக் கழுவாம விட்டதில்லை ஆத்தா" என்றார் ஆச்சி. உண்மைதான். காய வைத்ததும் இல்லை.

அதற்குள் அய்யாவுக்குச் சளி பச்சையாவதும் காய்ச்சல் வருவதும் ஆன்டிபயாடிக் மாறுவதும் வாடிக்கையாகிவிட்டிருந்தது. கடைசியில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். சளியில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பியதில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வந்தது. அது அந்தக் கப்பிலிருந்துதான் போனது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, முற்றிய சி.ஓ.பி.டி.யில் வேறு வழியாகவும் அது நுரையீரலில் குடியேறும். ஆனால் ஈரம் தங்கிய இடமெல்லாம் அதற்குச் சொந்த வீடு. ஊசி மருந்து, ஐ.சி.யூ., பிளைட் பிடித்து ஓடி வந்த மகன் என்று வீடே ஆடிப்போனது. இத்தனைக்கும் நடுவில் ஒருவர்கூட, "கப்பை எங்கே, எப்படி வைக்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை. மிஷினை விற்றவர் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டியதோடு சரி. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அதில்தான்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். காரைக்குடிக்காரர்களிடம் குழாய்த் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. "சம்பை ஊற்றுத் தண்ணிங்க, அப்படியே குடிக்கலாம்" என்பார்கள். குடிக்கலாம், சந்தேகமில்லை. வயிற்றுக்குப் போகும் தண்ணீரில் நாலு கிருமி இருந்தால் அங்கே இருக்கிற அமிலம் பார்த்துக்கொள்ளும். நெபுலைசர் செய்வது வேறு வேலை. கப்பில் இருப்பதை 1 முதல் 5 மைக்ரான் அளவுக்குத் துளியாக உடைத்து, நுரையீரலின் கடைசிக் கிளை வரைக்கும் கொண்டுபோய் இறக்குகிறது. மருந்துக்காகச் செய்த வழி அது. கப்பில் கிருமி இருந்தால் அதுவும் அதே வழியில்தான் போகும். ஆர்.ஓ. தண்ணீருக்கும், முற்றத்தில் பிடித்த மழைத் தண்ணீருக்கும் இதே கதைதான். எதுவும் கொதிக்காமல் கிருமியற்றதாக ஆகாது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் கையைக் கழுவுங்கள். கப்பைத் திருகித் திறந்து, உள்ளே கூம்பு மாதிரி இருக்கும் சின்னத் துண்டையும் எடுங்கள். பாதிப் பேர் அதைக் கழற்றுவதே இல்லை. மிச்ச மருந்தைக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு எல்லாவற்றையும் கழுவுங்கள். மாஸ்க்கையும் சேர்த்துத்தான். கடைசி அலசல் கொதித்து ஆறிய தண்ணீரில். அப்புறம் நன்றாக உதறி, சுத்தமான துணியில் பிரித்துப் பரப்பி, காற்றில் காயவிடுங்கள். உள்ளே துணி விட்டுத் துடைக்காதீர்கள். துணியில் இருப்பது கப்புக்குள் போகும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் டப்பா.

இதற்கு மேல், மிஷினோடு வந்த குறிப்பில் சொன்ன இடைவெளியில் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். கப்பைக் கொதிக்க வைக்கலாம் என்று அதில் இருந்தால் 5 நிமிடம் கொதிக்கட்டும். எல்லாப் பிளாஸ்டிக்கும் அதைத் தாங்காது. மாஸ்க் பெரும்பாலும் கோணிக்கொள்ளும். குறிப்பு அனுமதித்தால் 70% ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 5 நிமிடம் ஊறப்போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசலாம். வினிகரை நம்பிப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது எல்லாக் கிருமியையும் கொல்வதில்லை.

காய வைக்கும் இடமும் முக்கியம். நம் வீடுகளில் காய்வது என்றாலே முற்றம்தான். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் மாஸ்க்கை மிளகாய் வற்றல் பரப்பிய பாயின் ஓரத்திலேயே வைத்திருந்தார்கள். அடுத்த வேளை மருந்து வைத்தபோது அந்த மனிதர் இருமிய இருமலைச் சொல்லி முடியாது. வெயிலும் தூசியும் வேண்டாம். அடுப்பங்கரை வேண்டாம், குளியலறைப் பக்கமும் வேண்டாம். காற்றோட்டமான இரண்டாம் கட்டு அலமாரித் தட்டு போதும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று வேளைக்கு ஒரே கப்பு காயவே காயாது. இரண்டாவது கப்பு வாங்குங்கள். மிஷின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. புது மிஷின் அனுப்பத் தயாராக இருக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் நான் கேட்பதெல்லாம் இந்த ஒரு கப்பைத்தான்.

டியூபைக் கழுவுவது

கழுவாதீர்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கப்பைக் கழற்றிவிட்டு மிஷினைச் சில நிமிடம் ஓடவிடுங்கள்; அப்படியும் போகாவிட்டால் புது டியூப்.

"மிஷின் வீக் ஆயிருச்சு"

பத்து நிமிடத்தில் முடிந்த மருந்து இப்போது இருபத்தைந்து நிமிடம் ஆகிறதா? மிஷினைக் குறை சொல்லும் முன் கப்பைப் பாருங்கள். அடியில் இருக்கும் ஊசித் துளையில் போர் தண்ணீரின் உப்போ காய்ந்த மருந்தோ படிந்திருக்கும். குண்டூசி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் துளியும் பெரிதாகிவிடும். கப்பை மாற்றுங்கள். ஃபில்டர் சாம்பல் நிறமாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். டியூபின் இரண்டு முனையும் இறுக்கமாக இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடலாம். மிஷினை மெத்தையில் வைத்து ஓட்டினால் காற்று இழுக்கும் இடம் அடைபடும். மேஜையில் வையுங்கள்.

தைலம், கற்பூரவள்ளிச் சாறு

கப்பில் ஒரு சொட்டுகூடக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே ஒரு நிமோனியா.

திறந்த சலைன் பாட்டில்

மருந்தோடு சலைன் (கிருமியற்ற உப்பு நீர்) சேர்க்கச் சொன்னால், பெரிய பாட்டில் ஒன்று வாங்கி மூடியில் ஊசி குத்தி, அதே ஊசியை அதிலேயே விட்டு, நாள் கணக்கில் எடுக்கிறார்கள். முதல் குத்திலேயே அதன் சுத்தம் போய்விட்டது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சின்ன ஆம்பூல் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். சலைன் தீர்ந்துவிட்டதே என்று தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம். வெறும் தண்ணீர் ஆவி மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும். பாதி ரெஸ்ப்யூலை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம்.

படுத்துக்கொண்டே வைப்பது

கப்பு சாய்ந்தால் மருந்து ஓரத்தில் தேங்கிவிடும், ஆவி வராது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாய் வழியாக மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கப்பு திக்கித் திக்கிச் சத்தம் போட ஆரம்பித்தால் பக்கத்தில் லேசாகத் தட்டுங்கள். அதற்குப் பிறகும் திக்கினால் மருந்து முடிந்தது. கப்பில் மிஞ்சுகிற கொஞ்சம் எப்போதும் மிஞ்சும்.

மாஸ்க்கும் கண்ணும்

டியோலின் மாதிரி மருந்தில் மூச்சுக்குழாயை விரிக்கும் இப்ராட்ரோபியம் இருக்கிறது. தளர்ந்த மாஸ்க்கின் மேல் ஓரம் வழியாக அது கண்ணில் பட்டால், கண் அழுத்த நோய் (கிளாகோமா) இருப்பவர்களுக்குத் திடீரென்று அழுத்தம் ஏறிவிடலாம். கண் வலியும் மங்கலும் வந்தால் தாமதிக்கக் கூடாது. கிளாகோமா இருப்பதை டாக்டரிடம் சொல்லி, மாஸ்க்குக்குப் பதில் வாயில் கவ்வும் மவுத்பீஸ் கேளுங்கள். புடெசொனைட் என்ற ஸ்டீராய்டு மருந்து வைத்தால் முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், முகத்தையும் கழுவ வேண்டும். இல்லையென்றால் வாயில் வெள்ளை படரும்.

ஒரே கப்பு, வீட்டுக்கே

லீவுக்கு வந்த பேரனுக்கு வீசிங் என்றால் அவனுக்குத் தனிக் கப்பு, தனி மாஸ்க், தனி மருந்துச் சீட்டு.

அடங்கவில்லை என்று திரும்பத் திரும்ப வைப்பது

டாக்டர் எழுதிய வேளைக்கு மேல், இரைக்கும்போதெல்லாம் ஒன்று என்று போய்க்கொண்டிருந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, ராத்திரி முழுக்க மிஷினை நம்பி உட்கார்ந்து நேரத்தை இழப்பது. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, அரைத் தூக்கமாக இருக்கிறார், பேச்சு குழறுகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். சி.ஓ.பி.டி.க்காரர் அசந்து தூங்குகிறார் என்று நினைப்பது சில சமயம் கரியமில வாயு ஏறிய மயக்கமாக இருக்கும். வீட்டில் ஆக்சிஜன் இருந்தால் பயத்தில் அதை முழுசாகத் திறந்துவிடாதீர்கள். இவர்களுக்குப் பொதுவாக ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரைதான் இலக்கு, அதற்கு மேல் ஏற்றினால் அந்த வாயு இன்னும் ஏறலாம். ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் கடைசியாக எத்தனை மணிக்கு என்ன மருந்து வைத்தீர்கள் என்று சொல்லி, காலி ரெஸ்ப்யூலையும் கையில் கொடுத்துவிடுங்கள்.