வக்கீலைப் பார்க்கப் போகும் முன்: ஒரு குமாஸ்தா சொல்வது

அம்பாசமுத்திரம் பக்கம் வக்கீல் குமாஸ்தாவாகவே வயதைக் கழித்தவன் நான். வக்கீலின் வாதத்தைவிட, கட்சிக்காரர் முதல் நாள் கொண்டுவரும் மஞ்சள் பையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை வைத்தே வழக்கு எங்கே போய் முட்டும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். எங்கள் பக்கம் வருவதில் பெரும்பகுதி சொத்துத் தகராறுதான். அதனால் அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தேடுவது. நிலம், வீடு சம்பந்தமான வழக்கு சொத்து இருக்கும் எல்லைக்கான கோர்ட்டில்தான் போட வேண்டும். ஆகவே அந்தக் கோர்ட்டில் தினமும் நிற்கிற வக்கீலைப் பாருங்கள். பெரிய பேர் என்று மதுரையில் ஒருவரைப் பிடித்தால், வாய்தாவுக்கு வாய்தா அவருக்குப் பதில் இங்கே யாரோ ஒரு ஜூனியர்தான் எழுந்து நிற்பார். ஹைகோர்ட்டுக்கு மேல்முறையீடு போகும்போது மதுரைக் கிளைக்கு வேறு வக்கீல் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

ஆளை எடைபோட ஒரே வழி, கோர்ட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்ப்பது. யாரும் தடுக்க மாட்டார்கள். செல்போனை மட்டும் அமர்த்திவிடுங்கள். பேர் கூப்பிடும்போது அவர் இருக்கிறாரா? சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது வழக்குக் கட்டைப் புரட்டித் தேடுகிறாரா, இல்லை எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரிந்து கேட்கிறாரா? ஒரு காலை வேளை போதும். கோர்ட்டுகளின் ‘ஈ-கோர்ட்ஸ்’ இணையதளத்தில் வக்கீல் பேரைப் போட்டுத் தேடினால் அவர் நடத்தும் வழக்குகளின் பட்டியலும் வரும். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம், பதிவு உள்ளவர் கோபிக்க மாட்டார். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே ‘நூறு சதவீத வெற்றி’ என்று ஃபேஸ்புக்கில் போடுகிறவரையும், கோர்ட் வாசலில் ‘நல்ல வக்கீல் இருக்கார், வாங்க’ என்று கையைப் பிடிக்கிறவரையும் தாண்டிப் போய்விடுங்கள்.

பணம் இல்லை என்று வழக்கையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1987-ஆம் வருடச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் போன்றோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். தொலைபேசி எண் 15100.

இனி முக்கியமான சங்கதி: தேதித் தாள். முழுத் தாள் ஒன்றில் இடது பக்கம் தேதி, வலது பக்கம் ஒரே வரியில் நடந்தது. கதை வேண்டாம். இப்படி:

1974 – பூர்வீகச் சொத்தில் தாத்தாவுக்குப் பாகம்
1998 – தாத்தா இறப்பு, உயில் இல்லை
2003 – அப்பாவும் சித்தப்பாவும் பிரித்துக்கொண்டது
2016 – பட்டா சித்தப்பா பேருக்கு மாறியது
போன மாதம் – சித்தப்பா மகன் வேலி போட்டது

இதைப் பார்த்தவுடனேயே வக்கீலுக்குக் கேள்விகள் பிறக்கும். ‘2003-ல் பிரித்தது பதிவாச்சா?’ என்பார். காரணம் உண்டு. 2005-ல் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் டிக்ரி மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. உங்கள் தாளில் உள்ள ஒரு தேதி அத்தைக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதையே தீர்மானிக்கலாம். ‘பத்து இருபது வருஷம் இருக்கும் அண்ணாச்சி’ என்றால் அதை வைத்து என்ன எழுதுவது?

சில வழக்குகளில் தேதி தவறினால் வழக்கே போச்சு. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் போட வேண்டும். புரோநோட்டுக் கடனுக்கு மூன்று வருடம். உங்களுக்கு சம்மன் வந்திருந்தால் 30 நாளில் பதிலுரை. கோர்ட் அனுமதித்தால் 90 நாள்வரை நீளும். எனவே சம்மனோ நோட்டீஸோ வந்த கவரைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் மேல் உள்ள தபால் முத்திரை உங்களுக்குச் சாட்சி.

அடுத்தது காகிதங்கள். மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரையுள்ள பத்திரங்கள், பட்டா, தீர்வை ரசீது, இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பட்டா, ‘அ’ பதிவேடு விவரமும் வருவாய்த்துறையின் இணைய சேவையில் கிடைக்கும். அசலைக் காட்டுங்கள், ஜெராக்ஸைக் கொடுங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்ய அசல் தேவைப்படும் நாளில் கொடுத்து, என்னென்ன கொடுத்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் எதிராளி பேசியது இருந்தால் அழிக்காமல் போனையே கொண்டுவாருங்கள்.

எல்லாரும் மறைக்கிற காகிதம் ஒன்று உண்டு: தங்களுக்கு எதிரானது. தங்கச்சி பாகம் கேட்டு வருவார். பத்து வருடத்துக்கு முன் நகைக்கும் சீருக்கும் பதிலாகப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதைச் சொல்லவே மாட்டார். வில்லங்கத்தில் அது பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். முதல் நாளே சொன்னால், ஏமாற்றி வாங்கினார்களா, பணமே கைக்கு வரவில்லையா என்று வக்கீல் யோசிக்க வழி உண்டு. கூண்டில் ஏறி நிற்கும்போது எதிர்த்தரப்பு அதைக் கையில் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதமில்லாமல் வக்கீல் வெளியே விடக் கூடாது என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது. அவருடைய குமாஸ்தாவுக்கும் அது பொருந்தும். குற்றம் செய்ய யோசனை கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அறைக்குள் போனதும் விவகாரத்தைத் தொடங்கும் முன் எதிராளியின் பேரையும் ஊரையும் சொல்லிவிடுங்கள். சின்ன ஊரில் இதே வக்கீல் அவர்களுக்கும் வக்கீலாக இருக்கலாம். முழுக் கதையையும் கொட்டிய பிறகு தெரிந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம். கூட ஒருவர் போதும். ஆறு பேராக வந்து ஆளுக்கொரு கதை சொன்னால் அன்றைய பொழுது அதிலேயே போகும்.

கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். என் வழக்கில் பலவீனம் எது? நோட்டீஸோடு முடியுமா? லோக் அதாலத்தில் பேசித் தீர்க்க இடமுண்டா? கோர்ட்டில் யார் நிற்பார், நீங்களா ஜூனியரா? பலவீனமே இல்லை என்கிற வக்கீலிடம் எனக்கு நம்பிக்கை வந்ததில்லை.

ஃபீஸ் பற்றிப் பேச வெட்கப்படாதீர்கள். மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, கோர்ட் ஃபீ தனியா, இடத்தைப் பார்வையிடக் கோர்ட் அனுப்பும் கமிஷனரின் செலவு யார் தலையில், அப்பீலுக்குத் தனியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பணம் வசூலிக்கும் வழக்கென்றால் தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ 3 சதவீதம். 5 லட்சம் கேட்டால் 15,000 ரூபாய். இது வக்கீலுக்குப் போகும் பணம் இல்லை. குமாஸ்தா ஃபீஸ் எவ்வளவு என்றும் கேளுங்கள், எங்கள் ஆட்கள் வருத்தப்பட மாட்டார்கள். ‘ஜெயித்தால் சொத்தில் இத்தனை பங்கு’ என்று பேசுவது வக்கீல்களுக்கு விதிப்படி கூடாது. பேசுகிறவரிடம் எழுந்து வந்துவிடலாம்.

வக்காலத்தில், அதாவது உங்களுக்காக நிற்க வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில், அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதில்லை, கெடு நெருங்கியிருந்தால் தவிர. போடும்போது உங்கள் பேரும் எதிராளி பேரும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து யார் கேட்டாலும் வேண்டாம். பின்னால் ஒத்துவரவில்லை என்றால் வேறு வக்கீலுக்கு மாறலாம். பழையவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும், அல்லது கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். ஃபீஸ் பாக்கி என்று வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2000-லேயே சொல்லிவிட்டது. பாக்கியைத் தனியாகத்தான் அவர் கேட்க வேண்டும்.

வழக்கு நம்பர் ஆனதும் அந்த வழக்குக்கே உரிய 16 இலக்க அடையாள எண்ணை, அதாவது சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வரும். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு குமாஸ்தாவுக்கு போன் போட்டு, ‘நான் வரணுமா அண்ணாச்சி?’ என்று கேளுங்கள். எல்லா வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியதில்லை.