பிள்ளை கொயரில் சேர்ந்தால் வீட்டில் நாம் செய்ய வேண்டியது

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் ஆலயத்து வாலிபர் கொயரில், அதாவது பாடற்குழுவில் சேர்ந்தாள். முதல் பிராக்டிஸ் முடிந்து வந்தவள் அடுக்களையில் என் பக்கத்தில் நின்று பாடிக் காட்டினாள். நான் சின்ன வயதிலிருந்தே பாடிவரும், மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலைதான், ஆனால் ராகம் எங்கேயோ கீழே போய் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. "ராகம் தப்பா இருக்கேம்மா" என்று நானே பாடிக் காட்டினேன். மூன்று நாள் விடாமல் திருத்தினேன். அடுத்த சனிக்கிழமை பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ வரிசையில் நின்றுகொண்டு, உயர்ந்த குரலான சொப்ரானோவின் ராகத்தைப் பாடிவிட்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அவள் முதலில் பாடியதுதான் சரியான ஆல்டோ, கெடுத்தது நான்.

அதனால் முதலில் சொல்வது இதுதான். பிள்ளை வீட்டில் பாடுவது அந்தப் பாட்டு மாதிரியே இல்லை என்றால் திருத்தாதீர்கள், "எந்தப் பார்ட் பாடுறே?" என்று கேளுங்கள். கொயரில் ஒரே பாட்டை நாலு பார்ட்டாக, நாலு தனிக் குரல் வரிசையாகப் பிரித்துப் பாடுவார்கள். நமக்கெல்லாம் தெரிந்த ராகம் பெரும்பாலும் சொப்ரானோவிடம்தான் இருக்கும். ஆல்டோ, ஆண்கள் பாடும் டெனர், பேஸ் மூன்றையும் தனியாகக் கேட்டால் பாட்டாகவே தோன்றாது. அதிலும் ஆல்டோ நாலைந்து சொல்லுக்கு ஒரே ஸ்வரத்தில் நிற்கும், பாடுகிற பிள்ளைக்கே அலுப்பாக இருக்கும். மற்ற மூன்றும் வந்து சேரும்போதுதான் அது ஏன் அங்கே நிற்கிறது என்று காதுக்குப் புரியும்.

வீட்டில் அந்தச் சேர்க்கையை நாமே கொஞ்சம் உண்டாக்கலாம், சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை தன் பார்ட்டை ஒரு வரி மட்டும் மூன்று தடவை தனியாகப் பாடட்டும். அப்புறம் நீங்கள் பக்கத்து அறையில் இருந்துகொண்டு வாயை மூடியபடி ராகத்தை மெல்ல முனகுங்கள். அவள் இழுபடாமல் நின்றால் கொஞ்சம் கிட்டே வாருங்கள், அப்புறம் சொல்லோடு பாடுங்கள், கடைசியில் எதிரே உட்கார்ந்து முழுக் குரலில் பாடுங்கள். இழுபட்டுவிட்டால் அந்த வரியின் முதல் ஸ்வரத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். காதைப் பொத்திக்கொண்டு பாட விடாதீர்கள். அப்படிப் பழகினால் தன் பார்ட் நிற்கும், ஆனால் மற்றவர்களைக் கேட்கவே தெரியாமல் போய்விடும். என் மகளுக்கு ஒரு பாட்டு இப்படி நிற்கப் பத்து நாள் ஆனது. பாத்திரம் கழுவுகிற நேரம்தான், தனியாக நேரம் ஒதுக்கவில்லை.

ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும் சோல்பாவைப் படிக்கக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாரா குளோவர் உண்டாக்கி, ஜான் கர்வென் செம்மைப்படுத்திப் பரப்பிய முறை இது. எங்கள் பக்கத்து ஆலயங்களில் பல தலைமுறையாக இதை வைத்துத்தான் நாலு பார்ட் படிக்கிறார்கள். டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ என்பவற்றின் முதல் எழுத்துகள் மட்டும் இருக்கும். முக்காற்புள்ளி மாதிரி இரண்டு புள்ளி வந்தால் அடுத்த தட்டு, சின்னக் கோடு வந்தால் முந்தின ஸ்வரத்தை நீட்ட வேண்டும். டோவை ச என்று வைத்துக்கொண்டால் மேல்நாட்டு மேஜர் ஸ்கேல் அப்படியே நம் சங்கராபரண ராகம். நான் கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையோடு நின்றவள், அது மாயாமாளவகௌளை ராகம் என்பதால் ரியும் தவும் கீழே கீழே இறங்கின. அதை மகள்தான் கீபோர்டில் காட்டித் திருத்தினாள்.

எங்கள் வீட்டில் இரவு குடும்ப ஜெபம் உண்டு, தினம் ஒரு பாட்டு. மகள் கொயரில் சேர்ந்த புதிதில் எல்லாவற்றுக்கும் பார்ட் போடப் பார்த்தாள். பாமாலைக்குப் போடட்டும், அது அதற்கென்றே அமைந்தது. கீர்த்தனை அப்படி இல்லை. எங்கள் திருநெல்வேலியில் 1774இல் பிறந்து தஞ்சாவூர் போன வேதநாயக சாஸ்திரியாரும் மற்றவர்களும் நம் ராகத்தில், தாளத்தில் செய்தவை. எல்லாரும் ஒரே குரலாகப் பாடும்போதுதான் அதன் குழைவு தெரியும். ஆச்சி ஒரு சொல்லை இழுத்து வளைத்துப் பாடுவார்கள், அந்த இழுப்பைப் பிள்ளைகள் அப்படியே பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆச்சிக்கு ஏற்ற சுருதியில் ஆரம்பியுங்கள், கொயர் சுருதியில் ஆரம்பித்தால் அவர்களுக்கு எட்டாது.

பையன்கள் விஷயம் வேறு. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் குரல்வளை வளர்ந்து நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் உடையும். என் மகன் பாதி வரியில் கீச்சென்று போனதும் வாயை மூடிக்கொண்டான், அத்தை வீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிக்க விடாதீர்கள். அந்த நாள்களில் பாட்டை நிறுத்த வேண்டாம், உச்சத்தை எட்டிப் பிடிக்காமல் சுகமாக வருகிற ஐந்தாறு ஸ்வரத்துக்குள் பாடினால் போதும். எந்தப் பார்ட்டுக்கு மாற்றலாம் என்று மாதம் ஒருமுறை கொயர் மாஸ்டரிடம் கேளுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள்.

டிசம்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்துமஸ் கேரல் பிராக்டிஸும் ஒரே வாரத்தில் வந்து விழும். பிராக்டிஸைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். நான் ஒரு வருஷம் வெட்டினேன், மார்க் கூடவில்லை, பிள்ளை முகம் வாடியதுதான் மிச்சம். இப்போது அக்டோபரிலேயே இரண்டு அட்டவணையையும் காலண்டரில் குறித்துவிடுகிறோம். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் வர முடியாது என்று முன்கூட்டியே சொன்னால் கொயர் மாஸ்டரும் ஒத்துக்கொள்கிறார்.

வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்குப் போகும்போது காதை மூடிக் கட்டத் துணியும் பிளாஸ்கில் வெந்நீரும் கொடுத்து அனுப்புங்கள், பனியில் கத்திப் பாட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நம் வீட்டு வாசலுக்கு அவர்கள் வர ராத்திரி ஒரு மணி ஆகும். முப்பது பேருக்குத் தேநீர் தயாராக இருக்கட்டும், ஆனால் பாடி முடிக்கும்வரை அடுப்பை விட்டு வெளியே வந்து நில்லுங்கள். சொப்ரானோவை விட்டுவிட்டு, பத்து நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்ட அந்த வரியைத் தேடுங்கள், கிடைத்துவிடும்.